பாசி நீக்கிய கைகள்

நீர் தேங்கிய இடத்தில் பாசி படர்வது இயற்கை. அதனை அகற்றித் தெளிந்த நீரைப் பேணுவது, மாந்தர் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட ஒழுக்கம். மன்னர்களின் படையெடுப்புகளையும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் இவ்வொழுக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனினும், ஓர் ஊர் வாழ்ந்ததா, காய்ச்சலில் மடிந்ததா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்தவை அவ்வூர் நீர்நிலையைத் துப்புரவு செய்த கைகளே. கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்கள் இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கின்றன.

இன்று சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய நகரங்களை அடுத்துள்ள சில வீடுகளிலும் விருந்தினர் இல்லங்களிலும் சிறு நீச்சல் குளங்கள் அமைந்துள்ளன. பள்ளி விடுமுறை முடிந்து, கவனிப்பாரின்றிச் சில நாள் கிடந்தால், நீலமாக ஒளிர்ந்த குளம் பச்சையாகிவிடும். சுவரைத் தொட்டால் வழுக்கும். அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. அப்பச்சையை நீக்குவது எவ்வாறு என்னும் கேள்வி வீட்டுக்காரருக்குப் புதியதாகத் தோன்றலாம். உண்மையில் அது மிகப் பழைய கேள்வி. அதற்கு நம் முன்னோர் கண்ட விடைகளைக் காலவரிசையில் நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பரணர் கண்ட பாசி

சங்கப் புலவர் பரணர் பாசியின் இயல்பைக் கூர்ந்து கண்டவர். குறுந்தொகையின் 399ஆம் பாடலில், காதலனைப் பிரிந்த தலைவி தன் உடலில் படர்ந்த பசலைக்கு உவமையாக ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் சேர்ந்த பாசியைக் கூறுகிறாள். நீர் மொள்ளுவோர் கை படும்போதெல்லாம் பாசி ஒதுங்குகிறது. கை விலகியவுடன் மீண்டும் வந்து மூடிக்கொள்கிறது. காதலன் தொடும்போது அகன்று, அவன் பிரியும்போது பரவும் பசலையும் அத்தகையதே என்பது அவள் கூற்று.

இஃது அகத்திணைப் பாடல். ஆயினும் இதனுள் ஓர் அறிவியல் உண்மையும் அடங்கியுள்ளது. பாசியை ஒருமுறை நீக்கி ஓய்ந்துவிட இயலாது. கை தொடர்ந்து பட்டுக்கொண்டிருக்கும் வரையில்தான் நீர் தெளிவாக இருக்கும். பரணர் கண்ட இவ்வுண்மையைப் பிற்கால நீர்நிலை வரலாறு முழுவதும் மீண்டும் மீண்டும் மெய்ப்பித்து வந்துள்ளது.

பாசி என்பது யாது?

பாசி என நாம் பொதுவாக வழங்குவது ஒரே உயிரினம் அன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் செல் உயிர்களும், நூல்போல் நீண்டு மிதப்பனவும், பாறையில் பசைபோல் ஒட்டுவனவும் அப்பெயருள் அடங்கும். அவற்றுட் பெரும்பாலானவை சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. ஒளி, வெப்பம், அசைவற்ற நீர், நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த சத்து ஆகியவை ஒருங்கே வாய்த்தால் பாசி விரைந்து பெருகும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதன் வளர்ச்சியைத் தடுக்கும். பூமத்தியரேகையை அடுத்த மலேசியாவிலோ ஆண்டு முழுவதும் அதற்குப் பருவகாலமே.

பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் தமிழகத்திற்குச் சிறப்பான இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963), இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். ஈரமண்ணில் வளரும் பாசிவகை ஒன்றினை அவர் 1932இல் விவரித்து, ஆங்கில அறிஞர் பிரிட்ச் என்பாரைச் சிறப்பிக்கும் வகையில் பிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார்.

பாசி எல்லா இடத்திலும் பகையன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். நெல்வயலில் நீருடன் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துப் பயிருக்கு உதவுகின்றன என்பதை 1939இல் வங்காளத்து அறிஞர் பி.கே. டே எடுத்துக்காட்டினார். மலேசியாவின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற கெடாவின் வயல்வெளிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். வயலில் உதவும் அவ்வினமே குடிநீர்க் கிணற்றிலும் குளிக்கும் குளத்திலும் தீங்காக மாறுகிறது. எனவே, பாசியை நீக்குவது என்பது இயற்கையின்மேல் தொடுக்கும் போர் அன்று; எந்த நீர் எதற்கு உரியது என்று வரையறுத்துக் காக்கும் செயலேயாகும்.

பொறுப்பேற்ற ஊர்கள்

நீச்சல் குளத்தின் மூதாதை என்று சொல்லத்தக்கது மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற பெருங்குளம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடைய அதனைச் செங்கல்லால் கட்டி, நீர் கசியாதவாறு நிலக்கீல் பூசியிருந்தனர். நீரை முற்றாக வெளியேற்றுவதற்கென வடிகால் ஒன்றும் அமைத்திருந்தனர். நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கட்டடக் கலைஞர்கள் நீரைத் தேக்கும் வழியை மட்டுமன்றி, பழைய நீரை அகற்றிப் புதுநீர் நிரப்பும் வழியையும் எண்ணிப் பார்த்தே கட்டியுள்ளனர்.

தமிழகத்தின் ஏரிகளும் ஊருணிகளும் அத்தகைய கட்டடங்கள் அல்ல. வடித்து நிரப்ப முடியாத அளவு பெரியவை அவை. ஆதலின் அங்கே தேவைப்பட்டது ஊரின் ஒழுங்கு. முதற் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த, 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அவ்வொழுங்கினைத் தெளிவாகக் காட்டுகின்றன. குடவோலை முறையால் ஊராட்சிக்கு வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பெற்றன. அவற்றுள் ஏரி வாரியம் அறுவரைக் கொண்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது என்னும் விதியும் இருந்தது. நீரைக் காப்பது ஒருவர் விருப்பத்தைப் பொறுத்த நற்செயலாக விடப்படவில்லை. பெயர் குறித்து, காலவரையறை செய்து, கணக்குக் கேட்கத்தக்க கடமையாக அமைந்தது.

சிற்றூர்களில் குடிமராமத்து என்னும் வழக்கம் நிலவியது. ஊர்மக்கள் வீட்டுக்கு ஓராளாகக் கூடி ஏரியின் வரத்துக்காலைத் தூர்வாரி, பாசியும் ஆகாயத்தாமரையும் போன்றவற்றை வாரிக் கரையேற்றுவர். குடிநீர்க் கிணற்றின் கலங்கலைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீர் ஊற்றுவர். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிவதே அதன் வேலை. படிகாரம் செய்வதும் அதுவே. இன்றைய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இம்முறையையே பேரளவில் கையாள்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் ஊரின் பழைய ஒழுங்குகள் தளர்ந்தன. குடிமராமத்தைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டிய நிலை 1858இல் சென்னை மாகாண அரசுக்கு நேர்ந்தது என்பதே அத்தளர்ச்சிக்குச் சான்று. 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய பெரும்பஞ்சமும், கடனும், நிலமின்மையும், சாதிக் கொடுமையும் சேர்ந்து, ஏழை உழவர்களையும் கூலித்தொழிலாளர்களையும் கடல்கடந்து போகச் செய்தன. தூர்ந்த ஏரிகளின் நாட்டிலிருந்து புறப்பட்ட அம்மக்களுட் பலர் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று கெடா.

கெடாத் தோட்டங்களில் காய்ச்சலும் ஓடையும்

கடாரம் எனச் சோழர் காலத்துத் தமிழர் அறிந்திருந்த கெடா, 1909ஆம் ஆண்டு ஆங்கிலேய சயாமிய உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு மாறியது. அதனையொட்டி, ரப்பர் விலையும் உச்சத்திற்கு ஏறியது. கூலிம், கோல மூடா, பாலிங் முதலிய வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, கங்காணிகளின் பின்னே இத்தோட்டங்களுக்குச் சென்றனர்.

அவர்களை எதிர்கொண்ட முதற்பகை புலியன்று, காய்ச்சல். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ரோஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்காண்டுகளில், 1901இல், சிலாங்கூரின் கிள்ளான், சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஆகிய இடங்களில் மருத்துவர் மல்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலுக்குக் கொண்டுவந்தார். சதுப்பு நிலத்தை வடித்து, காட்டைத் திருத்தியபோது அங்குக் காய்ச்சல் தணிந்தது. அங்கு நோயைப் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும் இனம். நிழல் போனதும் அதுவும் போயிற்று.

ஆனால் மலைச்சாரல் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான விளைவு நிகழ்ந்தது. காடு அழிந்த பின்னரே காய்ச்சல் கடுமையாயிற்று. மரங்கள் வீழ்ந்தமையால் வெயில் பட்ட ஓடைகளிலும் ஊற்றுக்கசிவுகளிலும் வேறோர் அனோபிலிஸ் கொசு பெருகியதே அதற்குக் காரணம். அனோபிலிஸ் மாகுலேடஸ் எனப்படும் அவ்வினம் தெளிந்த, வெயில் படும் நீரையே விரும்புவது. நிழலில் வாழும் கொசுவை விரட்டப் பயன்பட்ட மருந்தே மலையில் நோயாக மாறியது. குனோங் ஜெராயின் அடிவாரமும், கூலிம், பாலிங் வட்டாரத்துக் குன்றுகளும் இத்தகைய ஓடைகள் நிறைந்தவை.

வெயில் பட்ட ஓடையில் பாசியும் செழிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஓடையோரத்துப் புல்லும் நூல்போல் மிதக்கும் பாசியும் கொசுப்புழுவுக்கு அரணாயின. நீரோட்டம் புழுவை அடித்துச் செல்லாமலும், சிறுமீன்கள் அதனைத் தின்னாமலும் அவை காத்தன. கடற்கரை உவர்நீர்க் குட்டைகளில் வாழும் அனோபிலிஸ் சுண்டைக்கஸ் என்னும் இனத்திற்குப் பாசிக்கூட்டம் இன்னும் நெருங்கிய துணை. சாவகத் தீவின் கரையோர மீன்வளர்ப்புக் குளங்களில் 1920களில் டச்சுக்காரர்கள் இதனைக் கண்டறிந்து எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை குளத்து நீரை வடித்து, நடுப்பரப்பில் கிடக்கும் பாசியை வெயிலில் காயவிட்டனர். மீன்கள் ஓரத்து வாய்க்காலில் தங்கின. மீண்டும் நீர் பாய்ந்தபோது மறைவிடமிழந்த புழுக்கள் மீன்களுக்கு இரையாயின. பாசி போனால் கொசு போகும் என்பது அங்கு நடைமுறையில் நிறுவப்பட்டது.

எண்ணெய் தெளித்தவர்கள்

மலாயாத் தோட்டங்களில் ஓடைகளைக் காக்கும் வேலை பல படிகளாக நடைபெற்றது. முதலில் ஓடையின் கரைகளைச் செதுக்கி, வளைவுகளை நேராக்கி, புல்லை வெட்டி, பாசியை வாரி எறிய வேண்டும். பின்னர் மண்ணெண்ணெயும் கச்சா எண்ணெயும் கலந்த கலவையை நீரின்மேல் தெளிக்க வேண்டும். எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுவிடும் புழுவைக் கொல்லும். பாசி மிதக்கும் இடத்தில் அப்படலம் அறுந்துவிடும், புழு பிழைத்துவிடும். ஆகவே, பாசி நீக்காமல் எண்ணெய் ஊற்றுவது எண்ணெயை வீணாக்குவதாகும்.

முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு இவ்வெப்ப நாட்டில் பத்து நாளளவே போதும். அதற்குள் அடுத்த தெளிப்பு நடந்தாக வேண்டும். ஆதலால் வாரந்தோறும் தெளிப்பு என்பது விதியாயிற்று. மழை பெய்தாலும், பெருநாள் வந்தாலும் அவ்வேலை நிற்கலாகாது. தெளிப்புக் கருவியை முதுகில் சுமந்து, முட்செடி மண்டிய பள்ளத்தாக்குகளில், அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு அவ்வேலையைச் செய்தவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். தாம் வாழும் லயங்களை மட்டுமன்றி, துரை வாழும் பங்களாவையும் அவர்களே காய்ச்சலிலிருந்து காத்தனர்.

வேறு வழிகளும் பின்பு வந்தன. ஊற்றுக்கசிவு நீர் வெயில் காணாதவாறு மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிடும் முறையை வாட்சன் மலைத்தோட்டங்களில் பரப்பினார். வெயில் இல்லையேல் பாசியும் இல்லை, அக்கொசுவும் இல்லை. ஓடையின் குறுக்கே சிற்றணை கட்டி, நீர் குறித்த மட்டத்தை எட்டியதும் தானே திறந்து வெள்ளமாகப் பாயுமாறு அமைத்த கருவிகளும் 1930களில் பயன்பட்டன. அவ்வெள்ளம் புழுவையும் பாசியையும் ஒருங்கே அடித்துச் சென்றது.

இந்த ஒழுங்கு முறிந்த காலமும் உண்டு. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் எண்ணெய்க்கும் கொயினா மருந்துக்கும் தட்டுப்பாடு நிலவியது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். ஓடைகளைக் கவனிக்க ஆளில்லை. வடிகால்கள் தூர்ந்தன, புல்லும் பாசியும் மண்டின, மலேரியா மீண்டும் பெருகியது. கை விலகினால் பாசி மூடும் என்று பரணர் சொன்னது, மலாயாவில் உயிர்களை விலையாகக் கொடுத்து மெய்ப்பிக்கப்பட்டது. போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்தது. 1967இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதனால் நோய் பெரிதும் தணிந்தது. எனினும் மருந்து வருவதற்கு முந்திய ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம், தோட்டங்களைக் காத்தது மண்வெட்டியும் எண்ணெய்த் தெளிப்பானும் அவற்றை ஏந்திய கைகளுமே. அக்கைகளுக்கு உரியோருட் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் ஏறவில்லை.

மயில்துத்தமும் குளோரினும்

இதே காலத்தில் மேலைநாடுகளில் பாசியை மருந்தால் வெல்லும் முயற்சி நடைபெற்றது. மயில்துத்தத்தை மிகச் சிறிய அளவில் நீர்த்தேக்கத்தில் கரைத்தால் பாசி மடியும் என்பதை அமெரிக்க வேளாண்துறை அறிஞர்களான மூரும் கெல்லர்மனும் 1904இல் வெளியிட்டனர். அளவு மீறினால் மீனும் மடியும். குளத்துச் சுவரில் கறை படியும். வெளிர்நிறத் தலைமயிரும் பச்சை நிறமேறும். எனவே மயில்துத்தம் எச்சரிக்கையோடு கையாளத்தக்கது.

அதனினும் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது குளோரின். 1774இல் ஷீலே என்னும் அறிஞர் அவ்வாயுவை முதன்முதல் பிரித்தெடுத்தார். 1810இல் ஹம்ப்ரி டேவி அதனைத் தனிமம் என உணர்ந்து பெயரிட்டார். 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் குடற்காய்ச்சல் பரவியபோது குடிநீர்க் குழாய்களைத் தூய்மையாக்கக் குளோரின் சேர்மம் பயன்பட்டது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் அதனை இடையறாது கலக்கும் முறை தொடங்கியது. சில ஆண்டுகளில் நீச்சல் குளங்களுக்கும் அம்முறை வந்தது. அதுவரை குளத்து நீரை அடிக்கடி வடித்து, சுவரைத் தேய்த்து, மீண்டும் நிரப்புவதே வழியாக இருந்தது. நீரை மாற்றாமலே தூய்மை காக்கலாம் என்ற நிலை ஏற்பட்ட பின்னரே வீட்டுக்கு வீடு குளம் என்பது சில நாடுகளில் இயலுவதாயிற்று.

மலாயாவில் நீச்சல் குளம் நெடுங்காலம் சிலருக்கே உரிய இன்பமாக இருந்தது. ஐரோப்பியர் தமக்கென மன்றங்கள் அமைத்து, பிற இனத்தாரை அவற்றில் சேர்க்காதிருந்தனர். தோட்டத்துப் பிள்ளைகள் நீந்தக் கற்றது ஆற்றிலும் வாய்க்காலிலும்தான். விடுதலைக்குப் பின் பொதுக் குளங்கள் பெருகின. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய இந்நாளில், எண்ணெய் தெளித்தவர்களின் பேரப்பிள்ளைகளுட் சிலர் தம் வீட்டிலேயே குளம் வைத்திருக்கும் நிலையும் வந்துள்ளது. வரலாற்றின் இத்திருப்பம் மகிழத்தக்கது. ஆனால் குளத்தோடு, அதனைக் காக்கும் கடமையும் வந்து சேர்ந்துள்ளது.

இல்லத்துக் குளம்

பச்சையான குளத்தைத் தெளிவிக்கும் முறையை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் உடைய குளம் 38.4 கனமீட்டர், அஃதாவது 38,400 லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் ஏற்ற வேண்டுமானால் 384 கிராம் குளோரின் தேவை. கடைகளில் கிடைக்கும் 65 விழுக்காட்டுக் கால்சியம் ஹைபோகுளோரைட்டுத் தூளாயின், அது ஏறத்தாழ 590 கிராம் ஆகும். பச்சை கரும்பச்சையாக முற்றியிருந்தால் இன்னும் மிகுதி வேண்டும். சாதாரண நாளில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருந்தாற் போதும்.

ஆனால் தூளைக் கொட்டுவது முதல் வேலையன்று. இலை, சருகு, பூச்சி ஆகியவற்றை வலையால் அள்ளுதல் வேண்டும். அவை பாசிக்கு உணவாவதோடு குளோரினையும் விழுங்கும். அடுத்து, பி.எச். என்னும் அமிலகார எண்ணைச் சோதித்து 7.2க்கும் 7.6க்கும் இடையில் கொணர வேண்டும். அவ்வெண் 8ஐ எட்டினால், இட்ட குளோரினில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வலிமையோடு வேலை செய்யும். பிறகு சுவரையும் படிகளையும் மூலைகளையும் தூரிகையால் அழுந்தத் தேய்க்க வேண்டும். பாசி தன்மேல் வழவழப்பான உறையைப் போர்த்திக்கொண்டு வாழ்கிறது. அவ்வுறை கிழிந்தால்தான் மருந்து உட்புகும். ஓடையில் பாசி வாராமல் எண்ணெய் ஊற்றுவது எவ்வளவு வீணோ, குளத்தில் தேய்க்காமல் மருந்திடுவதும் அவ்வளவு வீணே.

குளோரினை மாலையில் இடுவது நன்று. நிலைப்படுத்தும் மருந்து கலவாத நீரில், நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே அதன் பாதிக்கு மேற்பட்ட வலிமையை அழித்துவிடும். இரவு முழுவதும் வடிகட்டி இயங்க வேண்டும். மறுநாள் நீர் பச்சை மாறிச் சாம்பல் நிறக் கலங்கலாகத் தோன்றினால், பாசி மடிந்தது எனக் கொள்ளலாம். மடிந்த பாசி அடியில் படிந்ததும் உறிஞ்சி அகற்றி, வடிகட்டியைப் பின்னோட்ட நீரால் கழுவ வேண்டும். அதனை அப்படியே விட்டுவைத்தால் அழுகி, அடுத்த பாசிக்கு உரமாகும். கெடாவில் பெருமழை பெய்தபின் மருந்தின் செறிவு குறையும். அப்போது சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.

சில எச்சரிக்கைகள் உயிரோடு தொடர்புடையவை. குளோரின் தூளையும் அமிலத்தையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது; நச்சுவாயு எழும். வெவ்வேறு வகைக் குளோரின் மருந்துகளையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது. தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். தூளை நீரில் இட வேண்டுமேயன்றி, தூளின்மேல் நீரை ஊற்றலாகாது. எல்லாவற்றினும் மேலாக, அடித்தளம் தெளிவாகத் தெரியும் வரை எவரையும் குளத்தில் இறங்க விடலாகாது. பச்சை நீரில் மூழ்கிய குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த நீர் அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. அது காவலாளியின் கண்ணுமாகும்.

கைவிடப்பட்ட குளம் அண்டை வீட்டாருக்கும் கேடு. 1962இல் பினாங்கில் தோன்றிய டெங்கி இரத்தக் கசிவுக் காய்ச்சல் இன்றும் நாட்டை விட்டு அகலவில்லை. அனோபிலிஸ் ஓடையைத் தேடியது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைத் தேடுகிறது. குளத்தோரத்து வாளி, மூடுதுணியின் மடிப்பில் தேங்கிய மழைநீர், இயங்காத வடிகட்டித் தொட்டி ஆகியவை அதற்குப் போதுமானவை. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம், தம் இடத்தில் கொசு பெருக விடுவோரைத் தண்டிக்க வழிசெய்கிறது. ஏரி வாரியத்தாரிடம் உத்தரமேரூர் சபை கணக்குக் கேட்டது. இன்று வீட்டுக்காரரிடம் சட்டம் கணக்குக் கேட்கிறது.

வரலாறு உணர்த்தும் பாடம்

மொகஞ்சதாரோவின் வடிகாலிலிருந்து கூலிம் வீட்டுக் குளத்து வடிகட்டி வரை, கருவிகள் மாறியுள்ளன, மருந்துகள் மாறியுள்ளன. மாறாதது ஒன்றே. யாரேனும் ஒருவர் குறித்த நாளில், குறித்த வேலையை, எவரும் பாராட்டாத போதும் செய்தாக வேண்டும். அவ்வாறு செய்தவர் இருந்த காலமெல்லாம் நீர் தெளிந்திருந்தது. அவர் இல்லாத காலத்தில் ஏரி தூர்ந்தது, ஓடை நோய்க்களமாயிற்று, குளம் பச்சையாயிற்று. விலையுயர்ந்த மருந்தினும் வாரம் ஒருமுறை தேய்க்கும் தூரிகை பயன் மிக்கது என்பதே இதனால் பெறப்படும்.

குறுந்தொகைப் பாடலைக் கற்பிக்கும் தமிழாசிரியர், உவமையின் நயத்தை விளக்கும்போது, ஒரு கிண்ணத்தில் பாசி படர்ந்த நீரை வகுப்பறைக்குக் கொணர்ந்து மாணவரை விரலால் ஒதுக்கிப் பார்க்கச் செய்யலாம். விரலை எடுத்ததும் பாசி மூடிக்கொள்வதை அவர்கள் காண்பர். அப்போது பரணரின் பெயரோடு, ஓடைகளில் பாசி வாரி எண்ணெய் தெளித்த தோட்டத்து முன்னோரையும் எடுத்துச் சொல்லுதல் தகும். அம்முன்னோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். தம் பாட்டனார் செய்த வேலை நூல்களில் இடம்பெறாவிட்டாலும், அவ்வேலையால்தான் தம் குடும்பம் இம்மண்ணில் தழைத்தது என்பதை அப்பிள்ளைகள் அறிந்து வளர வேண்டும்.